தலைவர் முகம் நீலமான விவகாரம்

சூரியனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிய ஒரே கூட்டுறவு அமைப்பு இந்தத் துணைக்கண்டத்திலேயே எங்களுடையதுதான். இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மற்ற சங்கங்கள் உர விலையைக் கண்டிக்கும், மின்வெட்டைக் கண்டிக்கும், துணிச்சல் இருந்தால் மாவட்ட நிர்வாகத்தைக்கூடக் கண்டிக்கும். அதற்கு மேலே அண்ணாந்து பார்க்கிற திராணி அவற்றுக்குக் கிடையாது. எங்கள் ஸ்ரீ கோமங்கள கால்நடைக் கூட்டுறவு ஒன்றியத்துக்கு இருந்தது. தீர்மானம் தெலுங்கில் எழுதப்பட்டது. தமிழில் சொன்னால் கம்பீரம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்: 'நமது தலைவர் அவர்களின் திருமுகத்தின் மீது தொடர்ந்து தாக்குதல் நடத்திவரும் வெயிலை இந்தப் பொதுக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது.' எழுதியவன் நான். சூப்பரின்டெண்ட் விஜயராகவன் என்றால் திருப்பதி ஆபீசில் தெரியாதவர்கள் கிடையாது. மொத்தம் ஆறு பேர்தான் வேலை செய்கிறோம்.

எங்கள் தலைவர் உமாபதி காரு, அதாவது உமாபதி அவர்கள், நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர். தறி ஓட்டுகிறவருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சில விஷமிகள் கேட்டார்கள். தலைவர் தினமும் காபி குடிக்கிறார். அதில் பால் இருக்கிறது. இதைவிட நெருக்கமான சம்பந்தம் என்ன வேண்டும்? பதவிக்கு வந்த வேகத்தில் 'நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி' ஒன்றை வாங்கிவிட்டார். மாடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், ஆஸ்பத்திரியே மாட்டுக்கு வரும் என்பது திட்டம். கிராமத்திலிருந்து யாராவது போன் செய்தால் டாக்டர், மருந்து, ஊசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். சந்திரகிரிக் கோட்டைக்குக் கீழே பந்தல் போட்டுக் கொடியசைத்தார்கள். கொடியசைத்ததும் வண்டி பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஸ்டிக்கர் கூட்டம் நடந்தது. வண்டிக்கு உயிர் எஞ்சினில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் பாமரர்கள். ஸ்டிக்கரில் இருக்கிறது. திருப்பதியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் இஸ்மாயிலை வரவழைத்தோம். மாநிலத்திலேயே தன்னைப் போல் பிரிண்ட் போட ஆள் கிடையாது என்று வந்த உடனே சொன்னார். அதைத் தவிர அவர் அடக்கமானவர்தான். பக்கவாட்டில் ஒரு சீமைப்பசு படம் என்று முடிவானது. தலைவர் படம் எங்கே? பசுவுக்குப் பக்கத்தில் போட்டால் யார் தலைவர் என்று குழப்பம் வரலாம். பின்னால் போட்டால் தலைவர் பின்தங்கிவிட்டார் என்று பேசுவார்கள். கூரை மேல் போட்டால் காக்கைதான் பார்க்கும். கடைசியில் பானெட் என்று ஒருமனதாக முடிவானது. தலைவர் என்பவர் முன்னால் போக வேண்டியவர் அல்லவா?

இஸ்மாயில் ஒரு சின்ன விஷயத்தை எடுத்தார். பானெட்டுக்கு மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு, இரண்டும் சேர்ந்து வதக்கிவிடும், அதனால் படத்தின் மேல் லேமினேஷன் என்று ஒரு மெல்லிய படலம் ஒட்டிவிடலாம் என்றார். தலைவர் அது என்ன கலர் என்று விசாரித்தார்.

"கலரே இல்ல சார். ஒட்டினா கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு பில் போட்டா ஆடிட்டுக்காரன் என்னை சும்மா உடுவானா? ஏமய்யா விஜயராகவன், நீயே சொல்லு."

நான் தலைவர் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அதுதான் என் வேலை. லேமினேஷன் நீக்கப்பட்டது. மிச்சமான தொகையில் தலைவரின் முகம் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கப்பட்டது. கும்பிட்ட கையும் புன்னகையும் நெற்றிக் குங்குமமும் மஞ்சள் சால்வையுமாகப் பானெட் முழுக்க அவரே. அவருக்குக் கீழே, கறுப்பு எழுத்தில், கிராமத்தார் கூப்பிட வேண்டிய போன் நம்பர்.

அதன் பிறகு வண்டி ஓய்வே அறியாமல் உழைத்தது. அதாவது ஆபீஸ் வாசலில், மேற்கே பார்த்து, சாலையில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. நடுநடுவே சங்கராந்தி ஊர்வலம், ஒரு பெட்ரோல் பங்க் திறப்பு விழா, தலைவரின் மச்சினி மகள் நிச்சயதார்த்தம் என்று போய்வந்தது. கிராமங்களிலிருந்தும் போன் வரத்தான் செய்தது. அந்தந்த நேரத்தில் ஏதாவது ஒரு விழா இருக்கும். 'வண்டி மக்கள் பணியில் இருக்கிறது' என்று நான் மரியாதையாகச் சொல்வேன். முகத்தில் தூசி நிற்கக் கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் பினாயில் போட்டுத் தேய்த்துத் துடைக்கும்படி அட்டெண்டருக்கு உத்தரவு போட்டிருந்தேன். எந்தத் தலைவருக்காவது இப்படி ஒரு தொண்டு நடந்திருக்குமா?

முதலில் உதடு போனது. பிறகு நெற்றிக் குங்குமம் மெல்ல ஆவியானது. மஞ்சள் சால்வை வெள்ளைச் சால்வையாகி, அப்புறம் துவைத்த பனியன் நிறத்துக்கு வந்தது. அடுத்த கோடை வருவதற்குள் தலைவர் தலை முதல் கழுத்து வரை நீலமாகிவிட்டார். கறுப்பு எழுத்துப் போன் நம்பர் மட்டும் அன்று ஒட்டியது போல் பளிச்சென்று இருந்தது. இது எங்களுக்கு மிகவும் மனக்கஷ்டமாக இருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. எதிர்கோஷ்டி ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஆசிட் தெளித்திருக்க வேண்டும் என்றார் உபதலைவர். கண்திருஷ்டி என்றார்கள் பலர். பூசணிக்காய் உடைக்கப்பட்டது. எலுமிச்சம்பழம் கட்டப்பட்டது. முகம் இன்னும் கொஞ்சம் நீலமானது. இஸ்மாயிலைக் கூப்பிட்டுக் கேட்டால் மனிதர் சந்தோஷமாக விளக்கினார். பிரிண்ட் மை நாலே நாலு நிறமாம். அதில் சிவப்பும் மஞ்சளும் வெயில் தாங்காத ஜாதி, சூரிய ஒளி பட்டுப்பட்டு உடைந்து வெளுத்துவிடும். நீலமும் கறுப்பும் பிடிவாதக்காரர்கள், கடைசி வரை கிடக்கும். மிச்சமிருப்பதுதான் இப்போது பானெட் மேல் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது என்றார். சொல்லும்போதே புது ஸ்டிக்கருக்குக் கொட்டேஷனையும் நீட்டினார்.

தலைவர் வண்டியைச் சுற்றிவந்து பக்கவாட்டுப் பசுவைப் பார்த்தார். அது கொழுகொழுவென்று, ஏறக்குறைய பழைய நிறத்திலேயே இருந்தது. அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, அதே கடை, அதே மை. மாடு நல்லா கீது, நான் மட்டும் ஏன் இப்டி ஆனேன்?"

"மாடு நின்னுக்கினு கீது சார். நீங்க படுத்துக்கினு கீறீங்க. நேரா மேல விழற வெயில் பூரா உங்க மேலதான்" என்றார் இஸ்மாயில்.

தலைவரை 'படுத்திருக்கிறார்' என்று சொன்னது கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பழைய படத்தைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டலாம் என்ற யோசனையும் நிராகரிக்கப்பட்டது. பதவியில் இருக்கும்போது முகத்தைப் பிய்த்தால் பதவியும் கூடவே வந்துவிடும் என்று தலைவரின் ஜோசியர் சொல்லியிருந்தார். ஆகவே, வெயிலைக் கண்டித்து நான் முன்பு சொன்ன தீர்மானம் நிறைவேறியது. அதோடு ஓர் உத்தரவும் போட்டோம். இனி தலைவர் முகத்தில் வெயில் படக் கூடாது, பட்டால் பொறுப்பானவர் மீது உடனடி நடவடிக்கை. பொறுப்பானவர் யார்? நியாயமாகப் பார்த்தால் சூரியன்தான். ஆனால் அதற்கு நோட்டீஸ் அனுப்ப முகவரி இல்லை. டிரைவர் கருப்பனுக்கு முகவரி இருந்தது.

கருப்பன் சாந்திபுரம் பக்கத்து எல்லையோரக் கிராமத்து ஆள். சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லாத குடும்பம். ஊரார் டிராக்டரை நாள் கூலிக்கு ஓட்டி ஓட்டி, நாற்பது வயதுக்கு மேல்தான் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், காக்கிச் சட்டை, மகள் ரூபாவுக்கு சித்தூரில் காலேஜ், எல்லாம் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். நோட்டீசை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வெயிலு என் பேச்ச கேக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. பாவத்துக்குக் கோப்பில் பத்தி கிடையாது என்பதால் அதோடு விட்டேன்.

அன்றிலிருந்து வண்டி ஆபீசுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். கருப்பன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக விழும் வெளிச்ச வட்டம் தலைவர் காதருகே வந்தால் வண்டியை ஒரு ஜாண் பின்னால் எடுப்பார். வட்டம் மூக்கை நெருங்கினால் இன்னொரு ஜாண். சாயங்காலம் வரை இப்படியே. அந்த வருடம் எங்கள் வண்டி ஓடிய தூரமெல்லாம் இந்த ஜாண் கணக்கில்தான். இதைவிட ஜாக்கிரதையாக ஓட்டிய டிரைவரை நான் பார்த்ததில்லை.

இப்படிப் பொற்காலமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து கிருஷ்ணம்மா என்ற பெண் போன் செய்தார். அவருக்கு இருப்பது ஒரே பசு. தலைச்சன் ஈற்று. விடியற்காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் கால் வெளியே தெரிகிறது, அதற்கு மேல் வரவில்லை. வண்டி மக்கள் பணியில் இருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எதிர் மேசையில் டாக்டர் ரேகா உட்கார்ந்திருந்தார். ஊர்தியின் கால்நடை மருத்துவர் அவர்தான். விழாக்களில் பூச்செண்டு கொடுப்பதில் நல்ல அனுபவசாலி. போனை என் கையிலிருந்து வாங்கி எல்லாம் கேட்டுக்கொண்டு, வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

நான் உத்தரவை எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இதுல வண்டி போகக் கூடாதுன்னு எங்க சார் கீது? மூஞ்சியில வெயில் படக் கூடாதுன்னுதான் கீது."

என் வாசகத்தை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் படித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கருப்பன்தான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஒரு பொட்டுப் பட்டாலும் வேலை போய்விடும், மகள் படிப்பு நின்றுவிடும் என்றார். மூடிக்கொண்டு போகலாம் என்றார் ரேகா. பொதுக்குழு மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணி அலமாரியில் இருந்தது. தலைவரே தன் நகரித் தறியில் நெய்து நன்கொடையாகக் கொடுத்த துணி. அதைப் பானெட் மேல் போர்த்தினார்கள். கட்டக் கயிறு தேடினால் கிடைக்கவில்லை. முந்தின நாள் தலைவரின் பிறந்தநாளுக்கு வந்த ஆளுயரச் சாமந்தி மாலைகள் வராந்தாவில் குவிந்து கிடந்தன. அவற்றையே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். பார்க்க மங்களகரமாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

பிறகு நடந்ததைக் கருப்பன் எனக்குச் சொன்னார். துணி பறந்துவிடக் கூடாதே என்று மாட்டு வண்டி வேகத்தில்தான் போயிருக்கிறார். குறுக்கே யாரும் வந்து, பிரேக் போட்டு, மாலை அறுந்துவிடக் கூடாதே என்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே. சித்தூர் ரோட்டில் அன்று அவருக்குக் கிடைத்த மரியாதை வாழ்நாளில் கிடைத்ததில்லையாம். லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சில்லறைக் காசுகூட வந்து விழுந்தது. மாட்டு வைத்தியத்துக்கு ஜனங்களிடம் இவ்வளவு மதிப்பா என்று கருப்பன் நெகிழ்ந்துபோயிருக்கிறார்.

புத்தலப்பட்டுத் திருப்பத்தில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியபோது ஒரு மாலை அறுந்து, துணி ஒரு பக்கம் விலகியது. உள்ளே கும்பிட்ட கையோடு நீல நிறத்தில் எங்கள் தலைவர். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் ஐயோ நம்ம உமாபதி காரு என்று தலையில் கை வைத்தார். இன்னொருவர் போனில் படம் எடுத்தார். கருப்பன் பதறிப்போய் இறங்கித் துணியை இழுத்து மூடினார். அதைப் பார்த்து அங்கே ஓர் அம்மாள் அழுதேவிட்டார்.

கிருஷ்ணம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவரும் ஒரு கணம் துணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். பிறகு டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. ரேகா தோள் வரை கையை விட்டு அதை நிமிர்த்தி, கயிறு போட்டு, பசு முக்கும்போதெல்லாம் கருப்பனை இழுக்கச் சொன்னார். கிருஷ்ணம்மா பசுவின் தலையைக் கட்டிக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெண் கன்று. மூக்கைத் துடைத்துத் தட்டியதும் தும்மியது. எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கருப்பன் சட்டையெல்லாம் சளியும் ரத்தமும். அந்தக் கோலத்திலும் அவர் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது, துணி சரியாக இருக்கிறதா என்றுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பாடை கட்டுவதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் புத்தலப்பட்டு முதல் திருப்பதி வரை கூட்டு ரோடு தோறும் எங்கள் தலைவருக்குக் கண்ணீர் அஞ்சலி. பெரும்பாலும் இஸ்மாயில் கடைதான். படம் ஏற்கெனவே அவர் கம்ப்யூட்டரில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்திருக்கிறது. தலைவர் எனக்குப் போன் செய்தார்.

"விஜயராகவன், நான் செத்துட்டேனாமே?"

"அதிகாரபூர்வமாகத் தகவல் எதுவும் வரவில்லை சார்" என்றேன். பொறுப்பான பதவியில் இருப்பவன் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா?

ஃபிளெக்ஸ்களை இறக்கச் சொல்லி உத்தரவு போடுவார் என்று எதிர்பார்த்தேன். தலைவர் பெருந்தன்மையானவர். முதலில் காரை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். யார் வைத்திருக்கிறார்கள், யார் வைக்கவில்லை என்று தெரிய வேண்டாமா? உபதலைவர் வைக்கவில்லை. அந்த வருத்தத்திலும் நியாயத்தை மறக்காமல், கலர் மட்டும் அருமையாக வந்திருக்கிறது, குங்குமம் நன்றாகத் தெரிகிறது என்றார்.

அடுத்த வாரமே விசாரணைக் குழு கூடியது. கேள்வி இதுதான்: உயிரோடு இருக்கும் தலைவர் இறந்ததாக மக்கள் எதை வைத்து நினைத்தார்கள்? துணியைப் பார்த்து என்றால் கருப்பன் வேலை போகும். நீல முகத்தைப் பார்த்து என்றால் இஸ்மாயிலுக்கு இனி ஆர்டர் கிடையாது. இஸ்மாயில் துணிதான் காரணம் என்று நீண்ட நேரம் வாதாடினார். அஞ்சலி ஃபிளெக்ஸ்களை அழுதுகொண்டேதான் பிரிண்ட் போட்டதாகவும் சொன்னார். கருப்பனிடம் வாதம் ஒன்றும் இல்லை. துவைத்த காக்கிச் சட்டையோடு சுவர் ஓரமாக நின்றார். வெளியே வராந்தாவில் ரூபா காலேஜுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் என்னிடம் வேலை நீக்க உத்தரவை முன்கூட்டியே டைப் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். தேதி மட்டும்தான் போட வேண்டும்.

சாட்சி கிருஷ்ணம்மா. பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு டிபன் டப்பா. சீம்பாலில் வெல்லம் போட்டு அவித்த ஜுன்னு. கன்று போட்ட வீட்டில் நாலு பேருக்குக் கொடுப்பது வழக்கம் என்று டாக்டருக்கும் கருப்பனுக்கும் கொடுத்துவிட்டு, தலைவர் முன்னாலும் ஒரு துண்டு வைத்தார். தலைவர் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத் தன் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, என்னைப் பாத்தா செத்தவன் மாதிரியா கீது?"

"இல்ல சாமி. நல்லாத்தான் கீறீங்க."

"அப்ப வெள்ளத் துணியப் பாத்துத்தான் நெனச்சீங்க. அப்டித்தானே?"

கருப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"துணி வெயிலுக்குப் போட்டதுன்னு பாத்தாலே தெரிஞ்சிது சாமி. எங்க ஊட்ல மோட்டார் மேலகூட அப்டித்தான் போட்டு வெச்சிக்கீறோம்."

"பின்ன மூஞ்சி நீலமா இருந்திச்சே, அதப் பாத்தா?" என்றார் தலைவர், இஸ்மாயில் பக்கம் திரும்பி.

"போட்டோன்னா வெளுக்கத்தானே செய்யும்? எங்க ஊட்டு காலண்டரு சாமியே வெளுத்துப்போய்க்கினுதான் கீறாரு."

"அப்புறம் எதப் பாத்துத்தாம்மா கும்பிட்டே?"

கிருஷ்ணம்மா தயங்கினார். டாக்டரைப் பார்த்தார், கருப்பனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"வண்டி வந்திச்சே சாமி. நாங்களும் போன் பண்ணிப் பண்ணிப் பாத்தோம், நீங்க இருந்த வரைக்கும் ஒரு நாளு அது வந்ததில்ல. அன்னிக்கு வந்து வாசல்ல நிக்கவும், ஐயோ பாவம், தலைவரு பூட்டாரு போலக்கீதுன்னு நெனச்சிக்கினோம்."

இஸ்மாயில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் மீதி ஜுன்னைத் தள்ளி வைத்துவிட்டு, மேலே நடக்க வேண்டியதைப் பார்க்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

இத்தகைய இக்கட்டிலும் எங்கள் குழு நீதி தவறவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். துணி காரணம் இல்லை என்று சாட்சியே சொல்லிவிட்டதால் கருப்பனின் வேலை நீக்க உத்தரவு ரத்தானது. அவர் ஒப்பந்தம் மேலும் நீட்டிக்கப்பட்டது. கருப்பன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரூபா உள்ளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் மனம் நிறைந்துவிட்டது.

பிறகு, வதந்திக்கு மூல காரணம் எதுவென்று ஐயம் திரிபற நிரூபணமாகிவிட்டதால், அது மறுபடி நிகழாமல் தடுக்க ஒரு தீர்மானம் எழுதினேன். அதுவும் ஒருமனதாகவே நிறைவேறியது: 'நமது தலைவர் அவர்கள் உயிருடனும் நலமுடனும் பதவியில் நீடிக்கிறார் என்பதைக் கிராம மக்களுக்கு அன்றாடம் உறுதிப்படுத்தும் பொருட்டு, ஊர்தி இனி எந்த ஊருக்கும் போகாது.'